கடைக் கம்ப்யூட்டரும் ஈரத் தானியமும்

அல்லாஹ்வின் திருநாமத்தைக் கொண்டு துவங்குகிறோம். அவனுடைய ரஸூல் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

 

2025-ம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. அதற்கு முன்பே மலேசியாவில் வருமான வரி வாரியம் 2024 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் முறையைப் பெரிய கம்பெனிகளில் துவக்கி, படிப்படியாகச் சிறிய ஸ்தாபனங்களுக்கும் கொண்டு வந்தது. இவ்விரண்டும் சேர்ந்து, பில் போடவும் சரக்குக் கணக்கு வைக்கவும் கடையில் ஒரு மேசைக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நம்மவர் பலரை யோசனையில் ஆழ்த்தியிருக்கின்றன. பழையதையே செப்பனிட்டு ஓட்டுவதா, புதியது வாங்குவதா? புதியது என்றால், பிற்பாடு பாகங்களை மாற்றிப் பலப்படுத்தக் கூடிய பெரிய பெட்டியா, கைக்கடக்கமான சிறிய பெட்டியா?

கம்ப்யூட்டர் வாங்குவதற்கும் மார்க்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் உண்டு. பொருளை எந்த வழியில் சம்பாதித்தாய், எந்த வழியில் செலவு செய்தாய் என்ற இரண்டுக்கும் பதில் சொல்லாமல் மறுமையில் ஓர் அடியானின் கால்கள் நகர மாட்டா என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். வியாபாரிக்கு இவ்விரண்டு கேள்வியும் தினந்தோறும் கல்லாப்பெட்டியிலேயே இருக்கின்றன. வாங்கும்போது ஒரு கேள்வி, விற்கும்போது மற்றொன்று. இந்தக் கம்ப்யூட்டர் விஷயத்தில் இரண்டும் ஒன்றாக வருவதால்தான் இதை எழுதத் துணிந்தோம்.

முதுமை மூன்று வகை

படைக்கப்பட்ட யாவும் அழியக் கூடியவையே. மனிதன் செய்த சாமான் மட்டும் எப்படி நிலைத்திருக்கும்? ஆனால் சாமானுக்கு வரும் முதுமையை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்காவிட்டால், ஒரு பக்கம் குற்றமற்றவன் மேல் பழி சுமத்துவோம். மறு பக்கம் குற்றவாளியிடம் ஏமாந்து போவோம்.

முதலாவது, இயற்கையான முதுமை. கம்ப்யூட்டரில் சுழலும் பாகங்கள் தேயும். காற்றாடி தேயும். பழைய மாதிரி ஹார்ட் டிஸ்க் சுழன்று சுழன்று ஓய்ந்து போகும். பவர் சப்ளையின் உள்ளே இருக்கும் கெபாசிடர்கள் சூட்டில் வறண்டு போகும். துணிக்கடையின் பஞ்சும், மளிகைக் கடையின் மிளகாய்த் தூளும், நம் ஊர்களின் ஈரக் காற்றும் இதைத் துரிதப்படுத்தும். இதில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை.

இரண்டாவது, சொல்லி வைத்த கெடு. விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலையில். பத்து வருஷம் திருத்தம் தருவோம் என்ற கெடுவை ஆரம்ப நாளிலேயே அறிவித்து, அந்தக் கெடுவில் நிறுத்தினார்கள். நமக்கு வருத்தம் இருக்கலாம்; ஆனால் மறைத்தார்கள் என்று சொல்ல முடியாது. அதற்கு அடுத்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பும், குறிப்பிட்ட பட்டியலில் உள்ள பிராசஸரும் வேண்டும் என்கிறது. இன்டெல் வகையில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை பெரும்பாலும் அப்பட்டியலில் இல்லை. இந்த நிபந்தனை அவ்வளவு இறுக்கமாக இருக்கத்தான் வேண்டுமா என்று நியாயமாகக் கேட்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் நல்ல கம்ப்யூட்டர்கள் அதனால் குப்பைக்குப் போகின்றன என்பதும் உண்மை. ஆயினும் நிபந்தனை பகிரங்கமாக எழுதப்பட்டிருக்கிறது. படித்தவன் தப்பித்துக் கொள்ளலாம்.

மூன்றாவது, மறைத்து வைத்த கெடு. இதற்குச் சரித்திரத்தில் பிரசித்தமான உதாரணம் ஒன்று உண்டு. 1924-ம் வருஷம் டிசம்பரில் மின்விளக்கு செய்யும் பெரிய கம்பெனிகள் ஜெனீவாவில் கூடி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதுவரை 1500 மணி முதல் 2000 மணி நேரம் வரை எரிந்துகொண்டிருந்த பல்புகளை 1000 மணி நேரத்துக்கு மேல் எரியாமல் செய்வது என்பது அதில் ஒரு பகுதி. அதைவிட நீண்ட காலம் எரியும் பல்பைச் செய்த கம்பெனிக்கு அபராதமும் விதித்தார்கள். வாங்கிய ஜனங்களுக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது. நன்றாகச் செய்தவனுக்குத் தண்டனை! ஒரு வேலையை எடுத்தால் அதைச் செம்மையாகச் செய்பவனை அல்லாஹ் நேசிக்கிறான் என்று கற்றவர்கள் நாம். இதை எந்தப் பெயரிட்டு அழைப்பது என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

முதல் வகைக்குப் பொறுமை வேண்டும். இரண்டாவதற்கு விசாரணை வேண்டும். மூன்றாவதற்கு எதிர்ப்பு வேண்டும். எல்லாவற்றையும் மூன்றாவது வகையென்று நினைத்து எந்தக் கம்பெனியையும் ஏசுவது நமக்கு ஆகுமானதல்ல. ஊகங்களில் சில பாவமாகும் என்று குர்ஆன் ஷரீப் எச்சரித்திருக்கிறது.

வாங்குமுன் விசாரிப்பது

ஆகவே, புதியது வாங்குமுன் பழையதை நன்றாகச் சோதிக்க வேண்டும். தேதியும் மணியும் தினமும் பின்னுக்குப் போனால் பெரும்பாலும் மதர்போர்டிலுள்ள சி.ஆர். 2032 என்ற காசு வடிவப் பாட்டரி தீர்ந்திருக்கும். அதன் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் குறைவு. மிகவும் மெதுவாக ஓடினால், ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டாலே பழைய பெட்டி புத்துயிர் பெறும். டி.பி.எம். இல்லை என்று செய்தி வந்தால், அது உள்ளே இருந்தும் திறக்கப்படாமல் இருக்கிறதா என்று தெரிந்தவரிடம் பார்க்கச் சொல்ல வேண்டும். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் பழைய கம்ப்யூட்டர்களிலும் ஓடும். கணக்கு வேலை முழுவதும் உலாவியில் நடப்பவருக்கு அது போதுமானதாயிருக்கும். வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளமும் உலாவியிலேயே திறக்கிறது. அதற்காகப் பெரிய கம்ப்யூட்டர் அவசியமில்லை.

நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா நாயகி (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, தம் செருப்பைத் தாமே செப்பனிடுவார்கள், தம் துணியைத் தாமே தைப்பார்கள் என்று அறிவித்தார்கள். செப்பனிடுவது ஏழ்மையின் அடையாளமென்று வெட்கப்படுவோர் இந்த ஹதீஸை நினைவில் வைப்பார்களாக.

இருந்தும், வாடிக்கையாளரின் கணக்கும் பாங்கு விவரமும் உள்ள கம்ப்யூட்டரைத் திருத்தம் வராத நிலையில் இணையத்தில் திறந்து வைத்திருப்பது சிக்கனமாகாது. அது பிறருடைய அமானிதத்தை ஆபத்தில் விடுவதாகும். செப்பனிட வழியில்லை என்றால் புதியது வாங்குவதே கடமை.

புதியது வாங்கும்போது இந்த விஷயங்களைக் கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். ரேம் தனியாகக் கழற்றி மாட்டக் கூடியதா, மதர்போர்டில் ஈயம் வைத்து ஒட்டப்பட்டதா? கழற்றக் கூடியதானால் எத்தனை இடம் இருக்கிறது, அதில் ஒன்றாவது காலியாக இருக்கிறதா? 16 ஜி.பி. வேண்டுமானால் எட்டு எட்டாக இரண்டு இடத்தையும் நிரப்பாமல், ஒரே பதினாறாகப் போட்டு மற்ற இடத்தைக் காலியாக விட்டால் நாளைக்கு வழி இருக்கும். வேகத்தில் கொஞ்சம் குறைந்தாலும் பில் போடும் வேலைக்குத் தெரியாது. இரண்டாவது எஸ்.எஸ்.டி. போட இடமுண்டா? பவர் சப்ளை 1995 முதல் வழக்கத்திலுள்ள ஏ.டி.எக்ஸ். என்ற பொது அளவா, அந்தக் கம்பெனிக்கு மட்டுமே உரிய தனி வடிவமா? தனி வடிவமானால், அது கெட்ட அன்று வேறு கடையில் வாங்க முடியாது.

பிராசஸர் பொருந்தும் சாக்கெட்டைப் பற்றியும் விசாரிக்க வேண்டும். ஏ.எம்.டி. கம்பெனி 2016-ல் கொண்டு வந்த ஏ.எம்.4 சாக்கெட்டுக்கு 2024-லும் புதிய பிராசஸர்கள் வெளியாயின. இன்டெலின் எல்.ஜி.ஏ. 1200 சாக்கெட்டோ 2020, 2021 ஆகிய இரண்டு தலைமுறைகளோடு முடிந்தது. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிப் பெட்டிதான். உள்ளே ஒன்றுக்கு நீண்ட ஆயுள். மற்றொன்றுக்குக் குறுகிய ஆயுள்.

கார்பன் பிரதியோடு பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெரிய பெட்டியில் காலி ஸ்லாட் இருந்தால் ஒரு சிறு கார்டு போட்டுப் பழைய பேரலல் கேபிளை அதில் மாட்டிக் கொள்ளலாம். சிறிய பெட்டியில் அந்த இடமே இராது. அப்போது கம்ப்யூட்டரோடு சேர்ந்து, பழுதில்லாத பிரிண்டரையும் ஒதுக்க வேண்டி வரலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2400 வெள்ளிக்கு வாங்கிய கம்ப்யூட்டர் நாலு வருஷத்தில் வேண்டாதது ஆகிவிட்டால் வருஷத்துக்கு 600 வெள்ளி செலவு. அதே விலைக்கு வாங்கியதில் நடுவே 600 வெள்ளிக்குப் பாகங்கள் மாற்றி எட்டு வருஷம் ஓட்டினால் வருஷத்துக்கு 375 வெள்ளிதான். வித்தியாசத்தை ஸதகா செய்தாலும் லாபம், முதலில் சேர்த்தாலும் லாபம்.

நடுநிலை

இவ்வளவையும் கேட்டுவிட்டு, எல்லோரும் பெரிய பெட்டியாக வாங்கக் கிளம்பிவிட வேண்டாம். வீண்விரயம் செய்யாமலும் கஞ்சத்தனம் செய்யாமலும் இரண்டுக்கும் மத்தியில் செலவு செய்வோரை அல்லாஹ் புர்கான் சூராவில் புகழ்கிறான். தினம் ஐம்பது பில் அடிக்கும் கடைக்காரர், நாளைக்கு உதவும் என்று ஆறு காலி ஸ்லாட்டும் பெரிய பவர் சப்ளையும் உள்ள பெட்டியை மூன்று மடங்கு விலைக்கு வாங்கினால், அந்தக் காலி ஸ்லாட்டுகளில் தூசிதான் குடியிருக்கும். இடமில்லாத கடையில், ரேமும் எஸ்.எஸ்.டி.யும் மாற்றக் கூடிய சிறிய பெட்டியே சிலருக்குத் தக்கது. அதே சமயம், பிற்பாடு மலிவாகும் என்று நம்பி இன்றைய தேவைக்கே போதாததை வாங்குவதும் தவறு. 2025-ம் வருஷத்தின் பிற்பகுதியில் ரேம் விலை எப்படி ஏறியது என்பதை வாங்கியவர்கள் அறிவார்கள். இன்றைய வேலைக்குத் தாராளமாகப் போதுமானதும், நாளைக்கு ஒன்றிரண்டு பாகங்களை மாற்ற இடமுள்ளதும் எதுவோ அதுவே நடுநிலை.

விற்கும் நாம் யார்?

சகோதரர்களே! இதுவரை கம்பெனிக்காரனைப் பற்றிப் பேசினோம். இனி நம்மைப் பற்றிப் பேசுவோம். உண்மையில் இந்தக் கட்டுரையின் நோக்கமே இதுதான்.

நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு நாள் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றைக் கண்டு, அதனுள் தம் திருக்கரத்தை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் தட்டியது. இது என்ன என்று வியாபாரியிடம் கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்று அவர் சொன்னார். அப்படியானால் ஜனங்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நனைந்த தானியத்தை விற்கக் கூடாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. மழை வியாபாரியின் குற்றமல்ல. ஈரத்தைக் கீழே வைத்ததுதான் குற்றம். மேலே வைத்திருந்தால் அதற்குரிய விலைக்கு, அதற்குரிய ஆள் வாங்கிப் போயிருப்பார்.

இன்றைய ஈரத் தானியம் எது? நம்மவரில் பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்போர் இருக்கிறார்கள். ஏழாம் தலைமுறைப் பிராசஸர் உள்ள பெட்டியைத் துடைத்துப் பளபளப்பாக்கி, இதில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது என்பதைச் சொல்லாமல் கல்லூரிப் பிள்ளைக்கு விற்பது ஈரத் தானியம். கம்பெனி நிறுத்திவிட்ட மாடல், உதிரிபாகம் இனி வராது என்று தெரிந்திருந்தும் மிக்ஸியையும் மின்விசிறியையும் வாய் திறவாமல் கட்டிக் கொடுப்பது ஈரத் தானியம். அலமாரியில் இரண்டு வருஷம் கிடந்து பலம் குறைந்த பாட்டரியைப் புதிய விலைக்கு விற்பது ஈரத் தானியம். காலாவதி தேதிக்கு ஒரு வாரமே உள்ள டப்பாவை முன் வரிசையில் வைத்து, தேதியின் மேல் விலைச் சீட்டை ஒட்டுவதும் அதே ஈரத் தானியம்தான்.

1924-ல் ஜெனீவாவில் கூடிய பல்புக் கம்பெனிக்காரனை நாம் ஏசினோம். அவன் செய்தது பெரிய அளவில். நாம் செய்வது சிறிய அளவில். தராசு இரண்டுக்கும் ஒன்றே.

வாஸிலா (ரலி) என்ற ஸஹாபி, ஒருவர் ஒட்டகம் வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்தார்கள். விற்றவர் வேறு ஒருவர். ஆயினும் வாஸிலா (ரலி) பின்னாலேயே சென்று, இதை இறைச்சிக்கு வாங்கினீரா, பிரயாணத்துக்கு வாங்கினீரா என்று விசாரித்தார்கள். பிரயாணத்துக்கு என்று அவர் சொன்னதும், இதன் குளம்பில் ஓட்டை இருக்கிறது, தூரப் பயணத்தைத் தாங்காது என்று தெரிவித்தார்கள். விற்றவர் கோபித்துக்கொண்டார். குறையைச் சொல்லாமல் விற்பது விற்பவனுக்கு ஹலாலாகாது, அறிந்தவன் சொல்லாமல் இருப்பதும் ஹலாலாகாது என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டதாக வாஸிலா (ரலி) பதிலளித்தார்கள்.

எதற்காக வாங்குகிறீர்கள்? இந்த ஒரு கேள்வியை நம் கடைப் பையன்கள் கேட்கப் பழகினால் போதும். கடிதம் அடிக்க மட்டும் என்றால் பழைய பெட்டியே தாராளம், சொல்லி விற்கலாம். ஐந்து வருஷம் படிக்கப் போகும் பிள்ளைக்கு என்றால், இது தாங்காது என்றும் சொல்ல வேண்டும். சொன்னால் சில வியாபாரம் கைவிட்டுப் போகும். போகட்டும். இருவரும் உண்மை பேசிக் குறைகளை வெளிப்படுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும். மறைத்தால் பரக்கத் அழிக்கப்படும் என்பது நாயக வாக்கு. நாட்டின் சட்டமும் இதைத் தொட்டிருக்கிறது. மலேசியாவின் 1999-ம் வருஷத்துப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்ற சாமானுக்கு நியாயமான காலம் வரை பழுதுபார்க்கும் வசதியும் உதிரிபாகமும் கிடைக்க ஏற்பாடு வேண்டும் என்கிறது. அப்படித் தர இயலாது என்றால் விற்கும்போதே வாங்குபவருக்குத் தெரிவித்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். ஈரத்தை மேலே வை என்று பதினாலு நூற்றாண்டுக்கு முன் சொன்ன பாடமே இது.

பழையதை என்ன செய்வது?

மைமூனா நாயகி (ரலி) அவர்களின் ஊழியப் பெண்ணுக்கு ஸதகாவாகக் கிடைத்த ஆடு ஒன்று செத்துவிட்டது. அவ்வழியே சென்ற நாயகம் (ஸல்) அவர்கள், அதன் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்றார்கள். செத்த ஆடாயிற்றே என்று சொன்னபோது, உண்பதுதான் ஹராம் என்று விளக்கினார்கள். செத்த ஆட்டிலும் பயனுள்ளதைக் குப்பையில் போடாதே என்ற பாடம், பவர் சப்ளை கெட்ட பெட்டியில் நல்ல ரேமும் நல்ல எஸ்.எஸ்.டி.யும் கிடக்கும்போது நினைவுக்கு வர வேண்டும்.

எதற்கும் உதவாததைத் தெருவோரம் வைக்கக் கூடாது. அதில் ஈயம் முதலிய விஷப் பொருள்கள் இருக்கின்றன. மலேசியாவில் 2005-ம் வருஷத்து விதிகளின்படி மின்னணுக் கழிவு எஸ்.டபிள்யூ. 110 என்ற குறியோடு அட்டவணையில் சேர்க்கப்பட்ட கழிவாகும். சிங்கப்பூரில் 2021 ஜூலை 1 முதல், புதிய கம்ப்யூட்டரைக் கொண்டு வந்து கொடுக்கும் கடைக்காரர் பழையதை இலவசமாக எடுத்துச் செல்லக் கடமைப்பட்டிருக்கிறார்.

கைமாற்றும் முன் டிஸ்கிலுள்ள கணக்கை முழுவதும் அழிக்க வேண்டும். பைலை நீக்கிவிட்டால் போதாது. நீக்கியதை மீட்க வழிகள் இருக்கின்றன. யார் யார் நம்மிடம் எவ்வளவு கடன் பட்டிருக்கிறார்கள் என்ற பற்று வரவு அதில் இருக்கிறது. அது அவர்களுடைய மானம், நம்மிடமுள்ள அமானிதம்.

கடைசியாக ஒன்று. கடையில் எதற்கும் ஆகாது என்று தள்ளிய கம்ப்யூட்டரை, மதரஸாவுக்கு நன்கொடை என்று அனுப்பும் வழக்கம் நம்மிடையே காணப்படுகிறது. பிள்ளைகள் அதைத் திறந்துவிட்டு அரை மணி காத்திருக்கிறார்கள். நாமே கண்ணை மூடிக்கொண்டாலொழிய வாங்கிக் கொள்ள மாட்டாத மட்டமானதைத் தேடி எடுத்து இறை வழியில் கொடுக்க வேண்டாம் என்று பகரா சூராவில் அல்லாஹ் தடுத்திருக்கிறான். கொடுப்பதானால் எஸ்.எஸ்.டி. போட்டு, ரேம் சேர்த்து, நம் பிள்ளை உட்கார்ந்து படிக்கக் கூடிய நிலையில் கொடுப்போம். பாகம் மாற்றக் கூடிய பெட்டியாகப் பார்த்து வாங்கியவருக்கு இந்த ஸதகா சுலபமாகக் கைகூடும்.

யா அல்லாஹ்! எங்கள் வாங்குதலிலும் விற்றலிலும் பரக்கத் செய்வாயாக. எங்கள் சரக்கின் ஈரத்தை நாங்களே மேலே எடுத்து வைக்கும் தைரியத்தைத் தருவாயாக. எங்கள் கணக்குப் புத்தகம் விரிக்கப்படும் நாளில் எங்களை வெட்கப்படுத்தாதிருப்பாயாக. ஆமீன், யாரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.